கொமே வாங்கப் போன கதை

ஏப்ரல் 7, ஒசாகா
வந்து ஒரு வாரம். ஊரிலிருந்து மனப்பாடம் செய்துவந்த ஆங்கிலவழி ஜப்பானியச் சொற்பட்டியலில் 'ரைஸ்' என்பதற்கு நேராகக் 'கொஹான்' என்று இருந்தது. அதை நம்பி சூப்பர்மார்க்கெட்டில், "கொஹான் வ தொகொ தெஸ்கா?" அதாவது அரிசி எங்கே என்று கேட்டேன். ஊழியப் பெண் தலைதாழ்த்தி முன்னே நடந்து, பிளாஸ்டிக் கிண்ணங்கள் அடுக்கியிருந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கிண்ணத்துக்கு 200 கிராம் வெந்த சோறு, மைக்ரோவேவில் சூடுபடுத்த வேண்டியதுதான் பாக்கி. எனக்கு வேண்டியதோ 5 கிலோ அரிசி மூட்டை. அதைக் கேட்கச் சொல் இல்லாமல் இரண்டு கிண்ணங்களோடு திரும்பினேன்.

ஏப்ரல் 8
பக்கத்து அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தார். வயலில் நிற்கும் பயிர் 'இனே', உமி நீங்காத நெல் 'மொமி', அரிசி 'கொமே', அது வெந்து கிண்ணத்துக்கு வந்தால்தான் 'கொஹான்'. அதே சோறு மேல்நாட்டுப் பாணி உணவகத்தில் தட்டையான தட்டில் வந்தால் 'ரைசு' ஆகிவிடும்! நெல், அரிசி, சோறு என்று பிரித்தே பேசி வளர்ந்தவன், ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் வழியாகப் போய் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருக்கிறேன்.

கொஹான் என்றால் சாப்பாடும்கூட. காலையில் 'அசகொஹான்', மதியம் 'ஹிருகொஹான்', இரவில் 'பன்கொஹான்'. காலையில் ரொட்டி தின்றாலும் அது அசகொஹான்தான். அந்த ரொட்டிக்குப் பெயர் 'பன்'. "தம்பி, இது எங்கள் பாண் அல்லவா?" என்றார் அண்ணன். யாழ்ப்பாணத்தில் ரொட்டிக்குப் பாண் என்றுதான் பெயர். இரண்டுமே போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள்.

ஏப்ரல் 11
சாப்பாட்டுக் கடையில் 'அத்சுய் மிஸு', அதாவது சூடான தண்ணீர், கேட்டேன். கடைக்காரப் பாட்டி, "ஒயு?" என்று மெதுவாகத் திருத்தினார். நம் வெந்நீருக்குள் நீர் இருக்கிறது. ஒயுவுக்குள் மிஸு இல்லை.

ஏப்ரல் 15
புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்துச் செய்யும் மிசோ சூப்பை ஒரு வாய் குடித்த அலுவலக நண்பர், "கரை" என்று முகம் சுளித்தார். கரை என்றால் காரம் என்று படித்திருந்ததால் ஆசையோடு கிண்ணத்தை எடுத்தேன். மிளகாயின் வாசனைகூட இல்லை, உப்புக் கரித்தது. மேற்கு ஜப்பானில் உப்பு தூக்கலாக இருந்தாலும் கரைதானாம். காரம், கரிப்பு, கரை என்று அடுக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. சுசுமு ஓனோ என்ற அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்று புத்தகங்களே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு வாய் சூப்பை வைத்துக்கொண்டு நான் வம்சாவளி எழுதப்போவதில்லை.

ஏப்ரல் 21
அதே சூப்பர்மார்க்கெட், அதே பெண். "ஒகொமே" என்று மரியாதை முன்னொட்டோடு கேட்டேன். அரிசி இருக்கும் இடத்துக்கே அழைத்துப்போய், "ஹகுமை? கென்மை?" என்றார். தீட்டிய அரிசியா, தீட்டாததா என்று கேட்கிறார். கொமேயின் எழுத்தையே இங்கே 'மை' என்று படிக்க வேண்டுமாம். வெள்ளையாகத் தெரிந்த மூட்டையைக் காட்டி வாங்கிவந்துவிட்டேன்.

இரவு அண்ணன் மூட்டையைத் திருப்பிப் பார்த்து, "முசென்மை" என்று வாசித்தார். களையாமலே உலையில் போடும் அரிசி. அதற்குள் நான் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்திருந்தேன்.