ழகரத்துக்கு எத்தனை எழுத்து

பதிவைப் பூட்டிய கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது என்று போய்ச் சொன்னபோது, அந்த அம்மா கேட்டது ஒரேயொரு கேள்வி. "அப்ப வேறை ஒருத்தரும் கேக்கேலாதுதானே தம்பி?" "ஓமம்மா, ஒருத்தராலும் ஏலாது" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார். முள்ளியவளையில் அந்த விறாந்தையில் நடந்த இவ்வளவும் அரை நிமிடத்துக்கு மேல் எடுத்திராது. ஆனாலும் அது எனக்குள் இன்னும் முடியவில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் பதினேழு பேர் பேசிய பதிவுகள் அந்த ஒரு டெராபைற் ஹாட் டிஸ்க்கில் இருந்தன. வேறு பிரதி இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய பின்னர், அங்கு போய்வந்தவர்களின் வீடுகளுக்கு யார் யாரோ வந்து விசாரித்துப் போன காலம் என்பதால், டிஸ்க் முழுவதையும் வெராகிறிப்ட் என்ற மறையாக்க மென்பொருளினால் பூட்டுவதென்று தீர்மானித்தவன் நான். அந்தத் தீர்மானம் பிழையென்று இப்போதும் எனக்குப் படவில்லை. விண்டோஸுக்குள் நுழையப் போடும் கடவுச்சொல் மட்டும் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் கொழுவியதும் எல்லாம் தெரிந்துவிடும். விண்டோஸோடு வரும் பூட்டான பிட்லொக்கர் என்றால் 48 இலக்க மீட்புத் திறப்பை அச்சிட்டு வைத்திருக்கலாம். அந்தத் தாள் யாருடைய கையில் அகப்படுமோ என்ற பயத்தில்தான் அதையும் தவிர்த்தேன்.

கடவுச்சொல்லை எங்கும் எழுதிவைப்பதில்லை என்றும் நானே விதித்துக்கொண்டு, மறக்கவே மாட்டேன் என்று நம்பிய நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தேன். ஏழு மாதம் கழித்துத் திறக்கப் போனபோது சொற்கள் நினைவில் இருந்தன, எழுத்துகள் இருக்கவில்லை. ழகரத்துக்கு இரண்டெழுத்துப் போட்டேனா, ஓரெழுத்தோடு விட்டேனா, நெடிலை இரட்டித்தேனா, வன்னியை 'வீ'யில் தொடங்கினேனா, 'டபிள்யூ'வில் தொடங்கினேனா என்று எட்டு இடங்களில் தடுமாறினேன். எட்டு இடத்துக்கும் இரண்டிரண்டு வழியென்றால் மொத்தம் 256 தான் என்பது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு சீஆர் கொப்பியில் அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டு வந்தேன். ஊகித்துத் திறக்க முயல்பவரைத் தாமதப்படுத்துவதற்காகவே ஒவ்வொரு முயற்சிக்கும் இலட்சக்கணக்கான தடவை கணித்துப் பார்க்கும் மென்பொருள் அது. பிழையென்று சொல்வதற்குக்கூடச் சில விநாடிகள் எடுக்கும், அந்த விநாடிகளில் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடித்தது. கடைசி வரியையும் வெட்டியபோதுதான், சொற்களே அவைதானா என்ற சந்தேகம் வந்தது.

பதினேழு பேரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். சிலர் ஏசினார்கள், ஒருவர் அழுதார். அவர்களுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்க எனக்குத் தெரிந்திருந்தது. இந்த அம்மாவின் "அப்ப சரி"க்கு முன்னால்தான் எப்படி நிற்பதென்று தெரியவில்லை. பதிவின் நடுவில் ஓரிடத்தில் அவர் நிறுத்தி, "இதை என்ரை மகளுக்கும் சொன்னதில்லை" என்றுவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். ஆகவே அந்தச் சொல் நிம்மதியில் வந்தது என்று முதலில் எடுத்துக்கொண்டேன். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று நாங்கள் கொடுத்த வாக்கைப் பூட்டு காப்பாற்றியிருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லவும் செய்தேன். ஆனால் வாசலில் நின்ற பெடியனை நோகடிக்காமல் அனுப்புவதற்கும் ஒரு தாய் அதையேதான் சொல்லியிருப்பார். திரும்பச் சொல்லுவீங்களோ அம்மா என்று கேட்டிருந்தால் ஏதாவது தெளிந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்பது கொடுமை என்று நினைத்தேனா, "ஏலாது" என்ற பதிலுக்குப் பயந்தேனா என்பதை இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

பிறகு ஒருநாள் அந்தக் கேள்வியில் இருந்த "வேறை" என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பதிவு நடந்த அறையில் ஒலிவாங்கியோடு இருந்தவன் நான் மட்டும்தான். வேறு ஒருவரும் என்றால் என்னைத் தவிர ஒருவரும் என்றுதான் பொருள்.

டிஸ்க்கைக் கொழுவும்போதெல்லாம், இதைப் பாவிக்க வேண்டுமானால் ஃபோமற் செய்ய வேண்டும் என்று கணினி கேட்கிறது. புதிதாக வந்த பொறுப்பாளரும் போன மாதம் அதையே கேட்டார். இப்போது வேண்டாம் சேர் என்று அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டேன். அன்றிரவு அதே சீஆர் கொப்பியின் மிச்சத் தாள்களில், அந்த அம்மா சொன்னதில் நினைவிருப்பதை எழுதத் தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதிய பின்னர் நிறுத்தினேன். பதிவு செய்வதற்குத்தான் அவர் சம்மதித்திருந்தார். கொப்பியில் எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை.