படக்குறிப்பில் இடமில்லை

அந்த வாக்கியத்தை வெட்டியவர் எங்கள் பத்திரிகையின் தலைமை உதவி ஆசிரியர்தான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம், ஏதோ அனுபவசாலிபோலவும் சொல்லியிருக்கிறேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் நடந்தது அதுவும் இல்லை.

2018 ஜூன் 10, ஞாயிறு இரவு. உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்க நான்கு நாள் இருந்தது. எகிப்து அணி ரஷ்யாவின் செச்சென்யா குடியரசில், க்ரோஸ்னி நகரில் முகாமிட்டிருந்தது. ஹோட்டலில் ஓய்விலிருந்த அதன் நட்சத்திர வீரர் முகமது சலாவை, செச்சென்யாவின் தலைவர் ரம்ஜான் கதிரோவ் தானே போய் மைதானத்துக்கு அழைத்துவந்ததாக ஏஜென்சிச் செய்தி. கூடவே படம். இருவருக்கும் தாடி, இருவர் முகத்திலும் சிரிப்பு. மைதானத்துக்குக் கதிரோவின் தந்தை அக்மத்தின் பெயர். 2004-ல் அதே ஊரில், வேறொரு மைதானத்தில், வெற்றி நாள் விழாவில் குண்டு வெடித்து இறந்தவர் அவர். புரூஃப் பார்ப்பவர் எட்டிப் பார்த்து, “கதிரோவா, கதிரோனா?” என்று கேட்டார். சிரித்தோம். சூரியனுக்குக் கேடு வராமல் எழுத்தைச் சரிபார்த்துக்கொண்டோம்.

படக்குறிப்பில் நான் முதலில் எழுதியிருந்த இரண்டாவது வாக்கியம் இது: “சட்டத்துக்குப் புறம்பான கொலைகள், ஆட்கள் காணாமற்போவது தொடர்பாக இவர்மீது அமெரிக்கா கடந்த டிசம்பரில் தடை விதித்தது.”

தலைமை உதவி ஆசிரியர், எங்களுக்கெல்லாம் அண்ணன், திரையைப் பார்த்தார்.

“இது விளையாட்டுப் பக்கம்தானே?”

“ஆமாம் அண்ணே.”

“இரண்டு வரிதான் நிற்கும். சலாவின் தோள் எப்படி இருக்கிறது என்றுதான் வாசகன் தேடுவான். மற்றபடி உன் இஷ்டம், தம்பி.”

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கப் போய்விட்டார்.

இந்த “உன் இஷ்டம்” என்பதைத்தான் இத்தனை வருடமாகப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பக்கம் அனுப்பக் கால் மணி நேரம் இருக்கும்போது மேலே இருப்பவர் இப்படிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது என் தரப்பு வாதம். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மனிதர், ஒரு பேட்டியில் நான் கேட்ட ஒரே ஒரு திருத்தத்துக்காக அச்சகத்தாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தை நிறுத்திவைத்தவர். “இந்த வரி வேண்டும் அண்ணே” என்று சொல்லியிருந்தால் இடம் கொடுத்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. நான் கேட்கவே இல்லை. டெலிட் பட்டனை அழுத்தியது என் விரல். அந்த இடத்தில் எழுதியது: “தோள் காயம் தேறிவருவதால் உருகுவேக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே சலா களமிறங்குவார் எனத் தெரிகிறது.”

தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. 2009 ஜூலையில், பயிற்சியில் இருந்த காலத்தில், நத்தாலியா எஸ்தெமிரோவா பற்றிய செய்தியை மொழிபெயர்த்தவன் நான். மெமோரியல் என்ற ரஷ்ய மனித உரிமை அமைப்பில் இருந்துகொண்டு கடத்தல்களையும் கொலைகளையும் பதிவுசெய்து வந்தவர். காலையில் க்ரோஸ்னியில் வீட்டருகே வைத்து அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அன்றே பக்கத்து இங்குஷெத்தியாவில் உடல் கிடைத்தது. அப்போது ‘கடத்தி’ என்பதில் ஒற்று விட்டுப்போனதற்காகத் திட்டு வாங்கினேன். அதனால்தானோ என்னவோ, அந்தச் செய்தி மட்டும் நினைவில் நின்றுவிட்டது. 2017-ல் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களை நூற்றுக்கும் மேல் பிடித்து அடைத்ததாக நோவயா கெஸட்டா என்ற ரஷ்யப் பத்திரிகை எழுதியது. அப்படிப்பட்டவர்களே செச்சென்யாவில் இல்லை என்று கதிரோவின் செய்தித் தொடர்பாளர் பதில் சொன்னார். அதையும் படித்திருந்தேன். சலா சிரித்துக்கொண்டு நின்ற அதே வாரத்தில், எஸ்தெமிரோவாவுக்குப் பின் அங்கே மெமோரியலை நடத்திவந்த ஒயூப் தித்தியேவ் போதைப்பொருள் வழக்கில் சிறையில் இருந்தார். பொருளைக் காரில் வைத்ததே போலீஸார்தான் என்றார் அவர்.

ஆனால் எதிர்த்தரப்பும் எனக்குள்ளேயே இருக்கிறது. எஸ்தெமிரோவா கொலைக்குக் கதிரோவே காரணம் என்று பகிரங்கமாகச் சொன்ன மெமோரியல் தலைவர் ஓலெக் ஓர்லோவ்மீது கதிரோவ் அவதூறு வழக்குப் போட்டார். 2009-ல் சிவில் நீதிமன்றத்தில் கதிரோவ் ஜெயித்தார். 2011-ல் குற்றவியல் வழக்கில் ஓர்லோவ் விடுதலையானார். 2021-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ரஷ்யா ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றது. கொலைக்கு அரசு பொறுப்பு என்பது நிரூபிக்கப்படவில்லை என்றும் சொன்னது. நீதிபதிகளே இவ்வளவு அளந்து பேசும் விஷயத்தைக் கால்பந்துப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆறுதலாக இருக்கிறது. ஆனால் நான் எழுதியது கொலைக் குற்றச்சாட்டு அல்லவே. தடை விதித்தார்கள் என்பதைத்தான் எழுதினேன். அது யாரும் மறுக்காத தகவல். ஆக, அந்த ஆறுதலுக்கும் அன்றைய இரவுக்கும் சம்பந்தமே இல்லை.

வெட்டியதைச் சரிசெய்ய வாய்ப்பும் வந்தது. அதே மாதம் 22-ம் தேதி, விருந்து வைத்துச் சலாவைச் செச்சென்யாவின் கௌரவக் குடிமகன் ஆக்கினார் கதிரோவ். உலகமே அதைப் பற்றி எழுதியதால் எனக்கும் தனிச் செய்தியாகப் பதினைந்து வரி கிடைத்தது. இடம் இல்லை என்று சொல்ல முடியாது. அண்ணன் அன்று விடுமுறை, ஆகவே அவரையும் சொல்ல முடியாது. நான் எழுதியது: “சர்ச்சைக்குரிய தலைவர் கதிரோவ்.”

எங்கள் தொழிலில் இதைவிட வசதியான சொல் கிடையாது. நடிகையின் உடைக்கும் அதுதான், அணைக்கட்டு ஒப்பந்தத்துக்கும் அதுதான், காணாமற்போன பிள்ளைகளின் ஊருக்கும் அதுதான். யாரோ இருவர் ஏதோ பேசி முரண்படுகிறார்கள், நமக்கென்ன என்கிற தொனி அதில் தானாக வந்துவிடும். யாரும் போன் செய்து கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு வரி இருந்திருந்தால் தித்தியேவுக்கு ஒரு நாள் முன்னால் விடுதலை கிடைத்திருக்குமா என்றால், கிடைத்திருக்காது. நம் பேப்பரை அங்கே யார் படிக்கிறார்கள்? இதையும் பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. சொன்ன பிறகும் அந்தப் பக்கத்தின் கட்டிங்கை ஏன் எடுத்துவைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

ஓய்வு பெற்றபின் அண்ணனிடம் ஒருமுறை போனில் கேட்டேன். கதிரோவ் நினைவில் இல்லை. படக்குறிப்பு நினைவில் இருந்தது.

“சலா களமிறங்குவார் என்று போட்டோமே தம்பி, அதுதானே? உருகுவே ஆட்டம் முழுக்க அவன் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தான். மறுநாள் எத்தனை பேர் கூப்பிட்டுத் திட்டினார்கள் தெரியுமா?”