பஞ்சிகாவத்தையில் ஒரு காந்தம்

இன்று காலை கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில், விற்பனைக்கு வந்திருந்த எம்ஜிபி (MGB) என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரொன்றின் கதவுக்குக் கீழே, முதிய மெக்கானிக் ஒருவர் துணி சுற்றிய சிறு காந்தத்தை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார்.

ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுகியது.

பளபளத்த சிவப்புப் பூச்சுக்கு அடியில் இருந்தது இரும்புத் தகடல்ல, துருவை மறைக்கப் பூசிய பட்டி (putty) என்பதை அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை.

1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குவதால், கதவடிப் பகுதி துருப்பிடித்தால் முழுக் காரும் பலமிழந்துவிடும். 1798 சிசி எஞ்சினோ மிக எளிமையானது. அதைச் சாதாரண கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம், உதிரிப்பாகங்களையும் பிரிட்டனிலிருந்து இன்றும் புதிதாகத் தருவிக்கலாம். ஆகவே, உப்புக்காற்று வீசும் கொழும்பில் எஞ்சினின் ஓசையில் மயங்காமல் உடலின் உறுதியைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

கூரை மடிக்கும் வகையைவிட, 1965இல் வந்த ஜிடி வகையையே நான் தேர்ந்தெடுப்பேன் (நண்பர்கள் சிரிக்கட்டும்). நிலையான கூரை மழைக்கு உதவும். மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு வழியாகச் சந்தைச் சாமான்களையும் ஏற்றலாம்.

நம்பகத்தன்மை மட்டுமே போதுமென்பவர்கள், 1989இல் அறிமுகமான மஸ்டா எம்எக்ஸ்-5 என்ற ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடலாம். அதற்கும் காந்தத்தோடுதான் போக வேண்டும்.