கடைசி பஸ்ஸும் ஏழு மணி மீட்டிங்கும்

நெல்லைப் பக்கம் சாப்ட்வேர் கம்பெனி வைத்திருக்கும் யாரும் "பொம்பளப் பிள்ளைக்குக் கோடிங் வராது" என்று சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இங்குள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் வகுப்பை எட்டிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். இங்கே ஓடுகிற பேச்சு வேறு: "கல்யாணம் முடிஞ்சா போயிரும்லா, எதுக்கு எடுக்கணும்?"

அமெரிக்காவில் சண்டையே வேறு. பெண்கள் இத்துறையில் குறைவாக இருப்பதற்கு இயல்பான வேறுபாடும் ஒரு காரணமாகலாம் என்று பத்துப் பக்கம் எழுதிய ஜேம்ஸ் டமோரை 2017-ல் கூகுள் வேலையிலிருந்து நீக்கியது. அவர் பேச்சை அப்படியே தள்ளிவிட முடியாது. கருவிகளோடு வேலை பிடிக்குமா, மனிதர்களோடு பிடிக்குமா என்று கேட்டு அளந்த ஆய்வுகளை 2009-ல் தொகுத்தபோது, ஆண், பெண் சராசரிகளுக்கு நடுவே 0.93 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு) இருந்தது. பெரிய இடைவெளிதான். அப்போதும் ஆண், பெண் மதிப்பெண்களை வரைந்தால் வரும் இரண்டு வளைகோடுகளும் ஏறக்குறைய 64 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். கண்ணை மூடி ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எடுத்தால், நாலில் ஒரு தடவை பெண்ணுக்குத்தான் கருவிமேல் ஆசை அதிகம். ஆர்வம் வேறு, திறமை வேறு என்பது தனிக்கதை. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1980-களின் நடுவில் 37 சதவீதம், 2010 வாக்கில் 18. இருபத்தைந்து வருஷத்தில் மூளையா மாறிவிட்டது?

நம் ஊரில் பார்க்க வேண்டியது, உள்ளே வந்தவர் ஏன் போகிறார் என்பதை. பாதிக் காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. நியூயார்க் வாடிக்கையாளரின் காலை 8.30 நமக்குக் கோடையில் மாலை 6 மணி. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் அதே மீட்டிங் 7 மணிக்குப் போகும். கிராமத்திலிருந்து வந்து போகிற பெண்ணுக்கு, 8 மணிக்கு முடிந்து, புது பஸ் ஸ்டாண்டு போய், அம்பை (அம்பாசமுத்திரம்) வண்டி பிடித்து, அங்கிருந்து ஊருக்கு மினி பஸ் என்றால் நடக்கிற காரியமில்லை. அதனால் அந்தப் பெண் பாதியில் எழுந்து போகிறார். முக்கியமான முடிவு கடைசி இருபது நிமிஷத்தில் எடுக்கப்படுகிறது. அடுத்த மாட்யூல் (மென்பொருளில் ஒரு பகுதி வேலை) கடைசி வரை இருந்தவர் கைக்குப் போகிறது. மார்ச்சில் அப்ரைசல் தாளில் "ஓனர்ஷிப் பத்தாது" என்று எழுதுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. ஆனால் கணக்கு இப்படித்தான் தீர்கிறது.

மருந்து சின்னதுதான். மீட்டிங்கை இந்திய நேரத்தில் பூட்டுங்கள். நவம்பரில் அவர்கள் 7.30-க்கு வரட்டும். முடியாது என்றால் வீட்டிலிருந்து பேச விடுங்கள், நெட் செலவு கம்பெனியுடையது. முடிவுகளை எழுதிப் போட்டு, மறுநாள் மதியம் வரை மறுப்புக்குத் திறந்து வையுங்கள். வீட்டில் விட கம்பெனி கார் அனுப்புவதானால் கடைசியாக இறங்குவது பெண்ணாக இருக்கக் கூடாது, அப்படி இருந்தால் கூடவே ஒரு காவலாளி போக வேண்டும். வண்டி நுழையாத தெருவென்றால் அந்தக் காவலாளி வீட்டு வாசல் வரை கூட நடந்து வர வேண்டும்.

இன்டர்வியூவில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். பேசுவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சீனியர் "சுமார்தான்" என்றதும் மற்றவர்களின் நாலு, மூன்றாகிவிடும். புதிர்க் கணக்கு வேண்டாம். பிழையுள்ள இருநூறு வரி கோடு (நிரல்) கொடுத்து, அதைத் திருத்த ஒன்றரை மணி நேரம் விடுங்கள். எப்போது கல்யாணம் என்ற கேள்வி அந்த அறைக்குள் வரவே கூடாது.

முதலாளிகள் வெளியே சொல்லாத பயம், மகப்பேறு விடுப்புக்கான 26 வாரச் சம்பளம். 2017-ல் 12 வாரம் 26 ஆனது. மாதம் 21,000 வரை சம்பளமென்றால், இஎஸ்ஐயில் பதிந்து சந்தா கட்டியிருக்கும் இடத்தில் அந்தப் பணம் அங்கிருந்தே வரும். அதற்கு மேலென்றால் கம்பெனிதான் கொடுக்க வேண்டும். சின்ன கம்பெனிக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை. ஆள் எடுக்கும்போதே பட்ஜெட்டில் தனியாக ஒதுக்கியவர்கள் தடுமாறுவதில்லை.

அந்த விடுப்பு முடிந்து திரும்பி வருகிறவர் விஷயத்தில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். வருஷத்தில் முடித்த டிக்கெட்டுகளை (ஒதுக்கிக் கொடுத்த வேலைகளை) பன்னிரண்டு மாதத்தால் வகுத்தால் பாதி மார்க்தான் வரும். வேலை பார்த்த மாதங்களால் வகுக்க வேண்டும். முதல் நாலு வாரம் ரிலீஸ் பொறுப்பு தராமல் கோடு ரிவ்யூவும் சின்னப் பிழைகளும் கொடுங்கள். அவருடைய லாகினும் கோடு இருக்கும் களஞ்சியத்துக்கான அனுமதியும் முந்தின வெள்ளிக்கிழமையே திறந்திருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து சோதித்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் மூன்று நாளும் ஐடி ஆளைத் தேடியே போய்விடும்.