முறைப்பெண்ணும் ஆயரின் கையெழுத்தும்

பினாங்கில் தமிழர்கள் நிறைந்த ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பங்கு அலுவலகத்தில் திருமணப் பத்திரங்களைக் கவனிப்பது என் வேலை. ஓலை வாசிப்பதற்கு, அதாவது கோவிலில் திருமண அறிவிப்புச் செய்வதற்கு முன், மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரத்த உறவு உண்டா என்று கேட்டாக வேண்டும். சீனரும் யூரேசியரும் 'இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். நம்மவர்களிடம்தான் கதை நீளும்.

"சொந்தத் தாய்மாமன் மகள், உரிமைப் பெண். இதில் என்ன தம்பி தடை?" என்று கூட வந்த பாட்டி என்னையே குறுக்கு விசாரணை செய்வார்.

திருச்சபைச் சட்டத்தில் முறை என்ற கணக்கே கிடையாது. இருவருக்கும் பொதுவான முன்னோர் யார், அவர்வரை எத்தனை படி என்று மட்டுமே அது எண்ணும். மாமன் மகளும் பெரியப்பா மகளும் அதற்கு ஒன்றுதான்: தாத்தா வரை பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்காம் படி. தடைதான், ஆனால் ஆயர் (பிஷப்) விலக்கு தரலாம். பெரியப்பா மகளைக் கட்டவும் வழி இருக்கிறது என்றேன் ஒரு பாட்டியிடம். காதைப் பொத்திக்கொண்டார்!

பிரெஞ்சுப் பாதிரியார்கள் லத்தீனில் எழுதிய பழைய பதிவேடுகளில் இதே உறவு 'இரண்டாம் படி' என்றிருக்கும். அன்று ஒரு பக்கத்துப் படிகளை மட்டும் எண்ணினார்கள். 1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பு முதல் இரு பக்கமும் எண்ணுகிறார்கள்.

அந்தப் பழைய கணக்கில் நான்கு படிவரை மணம் கூடாது என்று 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை வரையறுத்தது. ஐரோப்பாவை மனத்தில் வைத்துப் போட்ட வேலி. அமெரிக்கப் பூர்வகுடிகள் மதம் மாறியபோது அது ஒத்துவரவில்லை. 1537இல் பாப்பரசர் மூன்றாம் பவுல், அவர்களுக்கு மட்டும் மூன்றாம், நான்காம் படிகளின் தடையை நீக்கினார். மற்ற கத்தோலிக்கருக்கு நான்காம் படி நீங்கியது 1917 சட்டத்தொகுப்பில். மூன்றாம் படி நீங்கியது 1983இல். காலனி நாட்டுக்குக் கொடுத்த சலுகை உலகச் சட்டமாக மாற நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

ஐரோப்பியச் சட்டத்தை அப்படியே நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்பாரோடு, இதனால்தான் எனக்கு முழு உடன்பாடில்லை. வளைத்திருக்கிறார்கள். ஆனால் படிகளைக் குறைத்தார்களே தவிர, யார் தங்கை, யார் முறைப்பெண் என்று கேட்கவே இல்லை. நமக்கு அதுதானே முக்கியம்?

வேடிக்கை என்னவென்றால், மலேசிய அரசு அதைக் கேட்டிருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் அக்காள் மகளை மணக்க இந்துக்களுக்கு இடம் தருகிறது. அண்ணன் மகளுக்கு அந்த இடம் இல்லை. அப்பட்டமான தமிழ்க் கணக்கு! கிறிஸ்தவத் தமிழனுக்கோ அது பொருந்தாது. தாய்மாமனுக்கே பெண் கொடுக்கிறோம் என்று யாராவது வந்தால், நான் படிவத்தை வெளியே எடுப்பதில்லை. ஆயர் மனம் வைத்தாலும் பதிவிலாகாவில் நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.