அடைத்த பாதையைத் திறக்க ஒரு ‘133 பெட்டிஷன்’

எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் போகிற வண்டிப்பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் முள்வேலி போட்டுவிட்டார். பிள்ளைகள் சேற்று வரப்பில் நடந்தார்கள். 108 வண்டி மெயின் ரோட்டிலேயே நிற்க, நோயாளியைக் கட்டிலோடு தூக்கிப் போனோம்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு, அலுவலகம் அலுவலகமாகச் சுற்றி, ‘சிவில் கோர்ட்டில் பரிகாரம் தேடிக்கொள்ளவும்’ என்ற பதிலோடு திரும்பியது. உங்களுக்கும் இப்படிப் பதில் வந்தால் ஓய்ந்துவிடாதீர்கள். பொதுப்பாதையை மறித்ததை அகற்றச் சொல்லும் அதிகாரம் கோட்டாட்சியருக்கே உண்டு. அவர் நிர்வாக நடுவரும்கூட (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்). இந்த அதிகாரத்தைத் தந்தது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. வக்கீல்கள் இன்னும் ‘133 பெட்டிஷன்’ என்றுதான் சொல்கிறார்கள். மனுவின் தலைப்பிலேயே பிரிவைக் குறிப்பிடுங்கள். எங்கள் வக்கீல் 1980-ம் ஆண்டு ரத்லம் நகராட்சி வழக்கையும் சேர்த்தார். பொதுமக்களுக்குத் தொல்லை இருப்பது தெரிந்தால் நடுவர் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்த வழக்கு அது.

வழக்கு நிற்பதும் விழுவதும் ஆவணத்தில்தான். முதலில் பாதையின் புல எண்ணை (சர்வே எண்) கண்டுபிடித்து, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறையின் ‘ஏ’ பதிவேட்டு நகலும் புலப்படமும் எடுத்தோம். பதிவேட்டில் ‘வண்டிப்பாதை புறம்போக்கு’ என்று இருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், எதிர்த்தரப்பு ஆஜரானதும் நடுவர் கேட்கும் முதல் கேள்வியே ‘இது பொதுப்பாதை இல்லை என்கிறீர்களா?’ என்பதுதான். பொதுப்பாதை இல்லை என்று சொல்லி, அதற்கு நம்பத்தகுந்த சான்றையும் எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் விசாரணை அங்கேயே நிற்கும். உரிமையை சிவில் கோர்ட் முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போலீஸ் அறிக்கையும் தாசில்தார் அறிக்கையும் வந்தபின், வேலியை எடு அல்லது நேரில் வந்து காரணம் சொல் என்று நிபந்தனை உத்தரவு போனது. “எங்க தாத்தா காலத்துலருந்து அனுபவிக்கிறோம் சார்” என்றார் தோட்டக்காரர். பட்டாவைக் காட்டினார், அதில் பாதையின் புல எண் இல்லை. சர்வேயர் அளக்க வந்தபோது மூன்று எல்லைகள் சேரும் இடத்தில் நட்ட முச்சந்திக் கல் விறகு அடுக்குக்குக் கீழே கிடந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் இடத்தைக் காட்டியிராவிட்டால் அன்று அளவே நடந்திருக்காது. அளப்பதற்கு முன் உங்கள் ஊரில் கல் எங்கே என்று தெரிந்தவர்களை அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் விசாரணையை 90 நாளில், காரணம் எழுதி நீட்டித்தால் 120 நாளில் முடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. வாய்தா தள்ளிப்போனபோதெல்லாம் இதை எழுத்தில் நினைவூட்டினோம். அந்தக் கடிதங்களுக்குப் பலன் இருந்தது.

உத்தரவு உறுதியானதும் அவரே ஆள் வைத்து வேலியைப் பிரித்தார். அவர் மீது எங்களுக்குப் பகை இல்லை. அவர் பேரப்பிள்ளைகளும் அதே பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஊராட்சியில் சொல்லிப் பாதையின் இரு ஓரமும் கல் நட்டு, சர்வேயரின் அளவு வரைபடத்தில் ஒரு நகலை ஊராட்சிக் கோப்பில் சேர்க்க வைத்தோம்.