34 வயதில் வெண்கட்டி

மார்ச் 3
பட்டதாரி ஆசிரியர் ஆட்சேர்ப்பு அறிவித்தலை மூன்று தடவை வாசித்தேன். வயதெல்லை 35. எனக்கு 34 முடிந்து ஏழு மாதம். பதினொரு வருடம் அடகுக் கவுண்டரில் இருந்தவளுக்கு ஏன் இந்த ஆசை என்று மாமி கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரிக்குப் போவதென்றால் உயர்தரம் முடித்த கையோடு போயிருக்கவேண்டும். மூன்று ஆண்டு, அதில் கடைசி ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. அந்த வாசல் போயிற்று. இனிப் போட்டிப் பரீட்சைதான்.

மார்ச் 24
மச்சாள் மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் படிப்பிக்கிறா. பாடக்குறிப்பு எழுதக் காட்டித் தந்தா. ஐந்து ஈ மாதிரியாம், ஆங்கில E எழுத்தில் தொடங்கும் ஐந்து படிகள். “வகுப்புக்குள்ள ஈ மொய்க்குமோ?” என்றார் இவர். சிரித்து முடிய அரைமணி போயிற்று.

“நியமனம் கிடைச்சாலும் படிப்பு முடியாது புள்ள, மறுகா டிப்ளோமா இருக்கு” என்றா மச்சாள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா. திறந்த பல்கலைக்கழகத்திலும் மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலும் செய்யலாம். சரி, அதை அப்போது பார்ப்போம்.

மே 12
பரீட்சை எழுதியாயிற்று. உளச்சார்புத் தாள் ஆளைத் தின்றுவிட்டது.

ஆகஸ்ட் 9
செயன்முறைப் பரீட்சைக்குக் கடிதம் வந்துவிட்டது! படிப்பித்துக் காட்டவேண்டும். மச்சாளின் டியூஷன் கொட்டிலில் ஒத்திகை பார்த்தேன். எளிய வட்டி. நான் எழுதிய வரிகள் வலப்பக்கம் போகப் போகச் சரிந்தன. “மிஸ், கடைசி வரி வாவிக்குள்ள இறங்குது” என்றான் முன்வாங்குப் பொடியன்.

பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: “எங்கட அம்மா காப்பு வச்சவ மிஸ். 50,000. மீட்கேக்குள்ள எவ்வளவு கட்டணும்?” ஆண்டுக்கு 18 வீதம் என்று வைத்து, ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் 4,500 என்று படிப்படியாக எழுதிக் காட்டினேன். கொப்பியில் பார்த்தெழுதிவிட்டு, அழித்து, ஒரு வருடத்துக்குத் தானே போட்டுப் பார்த்தாள்.

பதினொரு வருடத்தில் கவுண்டருக்கு முன்னால் நின்ற ஒருவருக்கும் இதை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. “இதில கையெழுத்துப் போடுங்க” என்றுதான் சொல்லியிருக்கிறேன். இரவு நித்திரை வரவில்லை.

ஆகஸ்ட் 21
பரீட்சகர்கள் மூன்று பேர். முதலில் பலகையில் மெல்லிதாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு அதன்மேல் எழுதினேன். வட்டிதான். பாதியில் நிறுத்தச் சொன்னார்கள். நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கல்லடிப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் கைப்பையைத் திறந்தால், அவர்களுடைய வெண்கட்டி உள்ளே கிடக்கிறது. அரசாங்கச் சொத்து.